பெயரிடும் உரிமை

(சங்கத்தின் வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வியின் சிறப்பை நமக்கு முன் பேசிய சான்றோர்கள் விரிவாக எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே, பள்ளியில் ஒரு பிள்ளை கற்கும் முதற் பாடத்திற்கும் முற்பட்ட ஒன்றைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் முதற் சொல் பிள்ளையின் பெயர். அதைப் பற்றியதே இவ்வுரை.

இத்தலைப்பை நாம் தேர்ந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் விழா மலர்ப் பணிக்காகச் சங்கத்தின் முதற் பதிவேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். அதன் முதற் பக்கத்தில் தொடக்ககால உறுப்பினர்களின் பெயர்கள் உள்ளன: குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி, தவிட்டான், அமாவாசை. பல பெயர்களுக்கு எதிரே கையெழுத்து இல்லை. இடக்கைப் பெருவிரல் ரேகையே உள்ளது. அப்பதிவேட்டிற்கு அருகில் இவ்வாண்டு பரிசு பெறும் மாணவர்களின் பட்டியல் இருந்தது: அறிவுச்செல்வன், சங்கமித்திரை, பீமராவ், யாழினி. இரண்டையும் ஒருசேரப் பார்த்த இளைஞர் ஒருவர், "ஐயா, இந்தப் பழைய பெயர்களை மலரில் அச்சிடத்தான் வேண்டுமா? வெளியார் பார்த்தால் சிரிப்பார்களே! மரியாதையாகச் சற்றே மாற்றிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது அன்பினால்தான். ஆயினும் அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியாக இவ்வுரையைக் கொள்ளுங்கள்.

பெயர் என்பது எவ்வாறு தோன்றுகிறது? நம் நன்னூல் இதற்கு நல்லதொரு வழியைக் காட்டுகிறது. காரணம் கருதாது இடப்பட்டவை இடுகுறிப் பெயர்கள். காரணம் கருதி இடப்பட்டவை காரணப் பெயர்கள். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் பெயர்ச்சொல்லின் வகைகள். மாணவர்கள் தேர்விற்காக மனப்பாடம் செய்யும் இவ்விலக்கணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உலக மக்களின் பெயர்களை நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் இவ்வாறு வகைகளுக்குள் அடங்குவதைக் காணலாம்.

1979 முதல் 1990 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் மார்கரெட் தாட்சர் அம்மையார். மார்கரெட் என்பது முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது, ஆகவே பொருட்பெயர். தாட்சர் என்பது அவர் கணவர் வழி வந்த குடும்பப் பெயர். கூரை வேய்பவர் என்பது அதன் பொருள். ஆகவே தொழிற்பெயர். நம் ஊரில் அவ்வம்மையார் பிறந்திருந்தால் 'கூரை வேயும் முத்தம்மாள்' என்றே அழைக்கப்பட்டிருப்பார். ஆங்கிலேயரிடையே மிகப் பரவலான ஸ்மித் என்னும் பெயர் கொல்லரைக் குறிப்பது. பிரவுன் என்பது நிறத்தால் வந்த குணப்பெயர். 1969-இல் நிலவில் முதன்முதல் கால்பதித்தவரின் குடும்பப் பெயர் ஆர்ம்ஸ்ட்ராங்; 'வலிய கையினர்' என்பது அதன் பொருள்; ஆகவே சினைப்பெயர். ஜப்பானியரின் தனாக்கா என்னும் பெயர் 'வயலின் நடு' என்று பொருள்படும், இது இடப்பெயர். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பிள்ளைக்குப் பெயராக இடுவர். வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி. சனியன்று பிறந்த ஆண் குவாமே. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராக 1997 முதல் 2006 வரை விளங்கிய கோஃபி அன்னான் 1938-இல் ஒரு வெள்ளிக்கிழமையில் பிறந்தவர். கிழமை பெயராகலாம் எனில் திதி பெயராகலாகாதா? நம் பதிவேட்டில் உள்ள அமாவாசையும் அவரும் ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டவர்களே.

இங்கு ஒன்றை நீங்கள் கருதிப் பார்க்க வேண்டும். கூரை வேய்ந்தவரின் பெயரைத் தாங்கியவர் நாட்டின் பிரதமராக முடிந்தது. அப்பெயரைக் கேட்டு எவரும் அவரைத் திண்ணைக்குக் கீழே நிற்கச் சொல்லவில்லை. நம் மக்களும் கூரை வேய்ந்தனர், ஏர் பிடித்தனர், நாற்று நட்டனர். ஆயின் இங்கே தொழில் பெயராகி நின்றுவிடாமல் பிறப்போடு பிணைக்கப்பட்டது. குறை பெயரில் இல்லை. அதைக் கேட்கும் சமுதாயத்தின் செவியில் இருந்தது.

குடும்பப் பெயர் இல்லாமை ஒரு குறையோ என்றும் சில இளைஞர்கள் ஐயுறுகின்றனர். இங்கிலாந்தில் 1066-இல் நார்மானியர் வென்ற பின்னரே அது சிறுகச் சிறுக வேரூன்றிற்று. ஜப்பானில் பொதுமக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870-இல்தான் இசைவு தரப்பட்டது. 1875-இல் அது கட்டாயமாயிற்று. துருக்கியில் 1934-இல் சட்டம் இயற்றிக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினர். ஐஸ்லாந்து மக்களோ இன்றளவும் பெரும்பாலும் தந்தையின் பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்னும் சொல்லைச் சேர்த்தே வழங்குகின்றனர். 1980-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகதோத்திர் அம்மையாரின் பெயருக்கு 'ஃபின்போகியின் மகள் விக்டிஸ்' என்பதே பொருள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் தாங்கும் நம் வழக்கமும் இதற்கு உறவுடையதே. இது பின்தங்கிய வழக்கம் அன்று.

இனி, நம் பதிவேட்டிற்கு வருவோம். குப்பன் என்னும் பெயருக்குக் காரணம் யாது? முன் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபட, அடுத்துப் பிறந்த பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று ஏங்கிய தாய், அப்பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுப்பாள். 'இது எவருக்கும் வேண்டாத பிள்ளை. இதைக் கொண்டுபோகாதே' என்று கூற்றுவனை ஏமாற்றும் முயற்சி அது. தவிட்டைக் கொடுத்து வாங்கியதாகப் பாவனை செய்த பிள்ளை தவிட்டான். மடியேந்திப் பெற்றதாகப் பாவித்த பிள்ளை பிச்சை. இவ்வழக்கம் நம்மிடையே மட்டும் இருந்ததன்று; குப்புசாமிகளும் பிச்சைமுத்துகளும் பல சமுதாயங்களிலும் உண்டு. மருத்துவர் இல்லை, மருந்து இல்லை, பாலும் இல்லை. பெற்ற வயிற்றிடம் எஞ்சியிருந்த ஒரே மருந்து பெயர்தான். அப்பெயரைக் கேட்டு நகைப்பவன் இறந்துபோன பிள்ளைகளுக்காக அழுத ஒரு தாயைப் பார்த்து நகைக்கிறான். அவ்வாறு பிழைத்த குப்பன்தான் முதிர்ந்த வயதில் தம் அரை நாள் கூலியை இச்சங்கத்திற்குச் சந்தாவாகக் கொடுத்தார் என்பதையும் அப்பதிவேடே சொல்கிறது.

எனினும் எல்லாப் பெயர்களும் அன்பினால் வந்தவை அல்ல. நன்னூலார் எண்ணிய ஆறு வகைகளுள் அடங்காத ஏழாவது வகை ஒன்று உண்டு. அது ஆண்டான் இட்ட பெயர்.

மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடுதற்கும் சட்டம் வகுக்கிறது. பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும், சூத்திரன் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்கிறது. நம்மையோ இந்நால்வருக்கும் அப்பால் நிறுத்திற்று. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கே அதன் இடம் இன்னதென்று கூறிவிடுவதுதான் அவ்விதியின் நோக்கம்.

அமெரிக்க நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் பெயர்கள் பறிக்கப்பட்டன. வாங்கியவன் விரும்பிய பெயரால் அழைத்தான். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் எழுதினர். அதில் உடைமையாளன் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியன மட்டும் வரிசையாக இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. விடுதலைக்குப் பின் எடுத்த 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டனர்.

அக்காலத்தில் புக்கர் என்னும் சிறுவன் பள்ளிக்குச் சென்றான். ஆசிரியர் வருகைப் பதிவு எடுத்தார். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் இருந்தன, இவனுக்கோ ஒன்றே. தன் முறை வருவதற்குள் அவன் எண்ணிப் பார்த்தான். ஆசிரியர் முழுப் பெயரைக் கேட்டபோது, பிறந்தது முதல் அவ்வாறே அழைக்கப்பட்டவன் போல 'புக்கர் வாஷிங்டன்' என்று அமைதியாகச் சொன்னான். 1901-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை அவரே எழுதியுள்ளார். 1881-இல் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிலையத்தின் முதல் தலைவராகி, ஆயிரக்கணக்கான கறுப்பின மாணவர்களுக்குக் கல்விக்கண் திறந்தவர் அவர். 30 ஆண்டுகளாக வருகைப் பதிவு எடுத்துவரும் நாம், இந்நிகழ்ச்சியை நினையாமல் ஒரு புதிய மாணவனின் பெயரைக் கேட்டதில்லை.

1838-இல் அடிமைத்தளையினின்றும் தப்பிய பிரடெரிக் பெய்லி என்பவர், பிடிபடாதிருக்கும் பொருட்டு ஜான்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவர் சென்று சேர்ந்த நகரிலோ ஜான்சன்கள் மிகப் பலர். அடைக்கலம் தந்த நண்பர், தாம் படித்துக்கொண்டிருந்த ஒரு காவியத்திலிருந்து டக்ளஸ் என்னும் பெயரை எடுத்துக் கொடுத்தார். அடிமை முறையை எதிர்த்து உலகெங்கும் முழங்கிய பிரடெரிக் டக்ளஸ் அவரே.

நம் முன்னோரும் இவ்வழியில் நடந்தவர்களே. 1845-இல் பிறந்த காத்தவராயன் என்பவர் தம் ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அவர். கல்வி கொடுத்தவரின் பெயரையே சூடிக்கொண்ட அச்செயலைவிடச் சிறந்த குருதட்சணை வேறு யாது? இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டார். எச்சொல்லை வசையாக நம்மேல் எறிந்தனரோ அச்சொல்லையே தலைப்பாக்கிப் 'பறையன்' என்னும் இதழை 1893-இல் தொடங்கினார். எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் எழுப்பிய குரலின் பயனாக 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசு வழக்கில் இடம்பெற்றது. மூவர் வழியும் வேறுவேறு. ஆயினும் நம் பெயரை நாமே தீர்மானிப்போம் என்னும் துணிவு மூவர்க்கும் பொது.

அண்ணல் அம்பேத்கரின் குடும்பப் பெயர் சக்பால். கொங்கணக் கரையிலுள்ள அம்படவே என்னும் சிற்றூர் அவர்தம் பூர்வீகம். ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்து வழங்குவது மராட்டியர் மரபு. அவ்வழியில் வந்த பெயர் பள்ளிக்காலத்தில் அம்பேத்கர் என நிலைத்தது. வகுப்பறையில் சாக்குத்துணியில் தனியே அமர்த்தப்பட்ட அச்சிறுவனின் பெயர் இன்று பல்கலைக்கழகங்களின் வாயில்களில் பொறிக்கப்பட்டுள்ளது.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுதலை ஒழிக்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயரில் சாதி ஒட்டாதிருப்பது அவ்வியக்கத்தின் நற்பயன். பட்டம் உடையோர் அதைத் துறந்தனர். நமக்குத் துறப்பதற்குப் பட்டம் ஏது? இட்ட பெயரை முழுமையாக அழைத்தாலே போதும் என்னும் நிலையிலன்றோ நாம் இருந்தோம்!

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நம் தந்தையார் நமக்கு இட்ட பெயர் முனுசாமி. ஐந்து வயதில் நம்மைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்குச் சென்றார். பதிவேட்டின் முன் அமர்ந்திருந்த ஆசிரியர் பெயரைக் கேட்டார். தந்தையார் சொன்னார். "உங்களுக்கெல்லாம் சாமி எதற்கு?" என்று கூறியவாறே ஆசிரியர் 'முனியன்' என்று எழுதினார். தந்தையாருக்கு எழுத்து தெரியாது. எழுதியது இன்னதென்று நாம் படிக்கத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வீட்டில் முனுசாமி, பள்ளியில் முனியன். பின்னர்ப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்தபோது அரசிதழ் வழியாகப் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று தந்தையாரைக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்தில் உன்னை விட்டுவிட்டு வந்தேன் அல்லவா, அதுவே போதும். அந்தப் பெயரில்தானே நீ படித்தாய், அது உன் பெயர்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மகன் கடவுச்சீட்டிற்கு விண்ணப்பித்தான். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் யாது எழுதுவதென்று கேட்டான். நம் வழக்கப்படி தந்தை பெயரையே எழுத வேண்டும். ஆவணங்களில் உள்ளது முனியன். அதையே எழுதினான். இன்று அவன் பணிபுரியும் வெளிநாட்டு அலுவலகத்தில் அனைவரும் அவனை 'மிஸ்டர் முனியன்' என்றே அழைக்கின்றனராம். தொலைபேசியில் அவன் இதைச் சொன்னபோது நம் தந்தையார் உயிரோடு இல்லையே என்று வருந்தினோம். இழிவு கருதி வெட்டப்பட்ட பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல் வந்து நின்றது. அதை வாங்கித் தந்தது கல்வி.

இளைஞர்களே! பெயரை மாற்றிவிட்டால் இழிவு தானே நீங்கிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜப்பானில் நம்மைப்போல் ஒடுக்கப்பட்ட மக்கள் உண்டு. அவர்களைப் 'புராகுமின்' என்பர். 'குடியிருப்பு மக்கள்' என்பதே அச்சொல்லின் பொருள். சேரி என்று நம் இருப்பிடத்தைச் சுட்டியது போன்றது. 1871-இல் அவர்களை விடுவிக்கும் ஆணை வந்தது. ஏனையோரைப் போலவே அவர்களும் குடும்பப் பெயர் பெற்றனர். ஆயினும் 1872-ஆம் ஆண்டுக் குடும்பப் பதிவேடுகள் சிலவற்றில் அவர்களைப் 'புதிய பொதுமக்கள்' என்று தனியே குறித்து வைத்தனர். அப்பதிவேடுகளைப் பிறர் பார்க்க 1968-இல் தடை வந்தது. எனினும் அம்மக்கள் வாழும் இடங்களின் பெயர்களைத் தொகுத்து இரகசிய நூலாக்கி நிறுவனங்களுக்கு விற்றுவந்தமை 1975-இல் அம்பலமாயிற்று. வேலைக்கு வருவோர் எந்த ஊரார் என்று பார்த்து ஒதுக்குவதற்கே அந்நூல். அதனை எதிர்த்து அம்மக்கள் அமைப்பாகத் திரண்டு போராடினர்.

இதனால் அறிவது யாது? மறைத்துக்கொள்ளுதற்காக ஒரு பெயரைத் தேடினால், தேடிப் பிடிப்பவன் வேறொரு வாயிலாகப் பிடிப்பான். நம் நாட்டிலும் பெயரில் சாதி தெரியாவிடில் 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்று கேட்போர் உளர் அல்லரோ? 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025-இல் சட்டமன்றத்தில் அறிவித்தது இதனாலேதான். ஆகவே ஒளிந்துகொள்ளுதற்காக அல்ல, உவந்து சூடிக்கொள்ளுதற்காகவே பெயர் இட வேண்டும். பெயர் மாற்றத்தோடு கல்வியும் சட்டமும் ஒற்றுமையும் சேர வேண்டும்.

தலைமையாசிரியன் என்ற முறையில் சில நடைமுறைச் செய்திகளையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பிள்ளை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். பெயர் சூட்டுமுன் பதிவாகியிருந்தால், ஓராண்டிற்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்க விதிகள் இடந்தருகின்றன. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் ஆவணமாகும். அச்சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகிய அனைத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஓரெழுத்தும் பிறழாதிருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழையால் கல்வி உதவித்தொகை காலந்தாழ்ந்த மாணவரை நாம் கண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகுமுன் பிழையைத் திருத்துவது எளிது. பின்னர்த் திருத்துவது அலைச்சல்.

மேலும், பொருள் தெரிந்த பெயரை இடுங்கள். கேட்பதற்குப் புதுமையாக இருக்கிறதென்று, பாட்டியின் வாயில் நுழையாத பெயரைப் பேரனுக்கு இட்டால், முதலில் வருந்துபவர் அப்பாட்டியே. பிள்ளை ஒருநாள் 'என் பெயருக்கு என்ன பொருள்?' என்று கேட்கும். அன்று சொல்வதற்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். யாரையேனும் அழைக்கும்போது முழுப் பெயரால் அழையுங்கள். நம் தெருவில் துப்புரவுப் பணி செய்வோரின் பெயரை நீங்கள் அறிவீர்களா என்றும் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் பிறர்க்கு மறுத்தலாகாது.

இறுதியாக, அவ்விளைஞர் கேட்ட கேள்விக்கு நம் விடை இதுவே. தம்பி! அப்பெயர்களை மாற்றாதே. குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி, தவிட்டான், அமாவாசை என்று பதிவேட்டில் உள்ளவாறே மலரின் முதற் பக்கத்தில் அச்சிடு. அவர்கள் வைத்த பெருவிரல் ரேகையையும் படமெடுத்துப் போடு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இவ்வாண்டு பரிசு பெற்ற மாணவர்களின் பெயர்களையும், அவர்கள் தம் கையால் இட்ட கையெழுத்துகளையும் அச்சிடு. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே பார்ப்பவர் எவரும் சிரிக்கமாட்டார்.

இச்சங்கம் மேலும் பல்லாண்டு வாழ்ந்து, இங்குள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் கல்வியால் விளங்குமாறு தொண்டாற்றுக என வாழ்த்தி அமைகிறோம்.